போர்டு பழுதுபார்க்கும் மேசைக்கு எந்த நிலைமின் காப்பு? கைப்பட்டை, தரை, ஈரப்பதம், அயனைசர், உறை: ஓர் ஒப்பீடு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் தறிக்கும் நிட்டிங் மெஷினுக்கும் மோட்டார் டிரைவுக்கும் போர்டு பழுதுபார்க்கும் சிறு கடைகள் நிறைய இருக்கின்றன. சோமனூரிலோ பல்லடத்திலோ ஒரு தறி நின்றுவிட்டால், அதன் கட்டுப்பாட்டுப் போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே கோவைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் போர்டுகளில் உள்ள மாஸ்ஃபெட், ஐஜிபிடி, நினைவகச் சில்லு, மைக்ரோகண்ட்ரோலர் ஆகியவை உரசலால் சேரும் நிலைமின்சாரத்தால் எளிதில் கெட்டுப்போகக்கூடியவை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். காப்புக்காக எதில் முதலில் பணம் போடுவது என்பதில்தான் குழப்பம் வருகிறது. மணிக்கட்டில் மாட்டி எர்த்தோடு இணைக்கும் கைப்பட்டை போதும் என்கிறார் ஒருவர். தரையையே மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். காற்றில் அயனிகளை ஊதும் அயனைசர் இல்லாமல் பயனில்லை என்கிறார் விற்பனைக்கு வருபவர். மில்லில் வேலை பார்த்த அனுபவசாலிகளோ, காற்றில் ஈரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் சேதம் எப்படி நேர்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் சுரீரென்று ஒரு மின்பொறியை நாம் உணர வேண்டுமானால் உடம்பில் ஏறக்குறைய 3000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னூட்டத்திலேயே கெட்டுப்போகும் சில்லுகள் உண்டு. ஆகவே, நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி நம் உணர்வுக்கு எட்டுவதே இல்லை. அதைவிட மோசமானது பாதிச் சேதம். மாஸ்ஃபெட்டின் வாயிலில் (கேட்) இருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஓரளவு மட்டும் பழுதானால், போர்டு மேசையில் ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளரிடம் போய்ச் சில வாரம் கழித்து நின்றுவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு" என்று திரும்பி வரும் போர்டுகள் எல்லாமே நிலைமின்சாரத்தால் கெட்டவை என்று சொல்ல முடியாது. மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் போலி ஐசியும் காரணமாக இருக்கலாம். ஆனால் காப்பே இல்லாத மேசையில் இவற்றுள் எது காரணம் என்று பிரித்தறிய வழியே இல்லை.

மின்னூட்டம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: வேலை செய்பவரின் உடம்பு; மேசைமேல் கிடக்கும் பிளாஸ்டிக், தெர்மாகோல், டேப் போன்ற மின்கடத்தாப் பொருள்கள்; உரசியோ உறையிலிருந்து உருவப்பட்டோ தானே மின்னூட்டம் பெற்றுவிட்ட போர்டு. ஒரு காப்புமுறை இம்மூன்றில் எதைத் தடுக்கிறது என்பது முதல் அளவுகோல். அது செயலிழந்தால் நமக்குத் தெரியவருமா என்பது இரண்டாவது; நான் இதற்கே அதிக எடை கொடுக்கிறேன், ஏனென்றால் வேலை செய்யாத காப்பை நம்பியிருப்பது காப்பே இல்லாமல் எச்சரிக்கையாக இருப்பதைவிடக் கெடுதல். வாங்கிய பிறகு ஆகும் செலவு, பஞ்சுத் தூசும் வறண்ட காற்றும் உள்ள நம் ஊருக்கு அது தாங்குமா என்பது, கடையில் வேலை பார்க்கும் பையன்கள் தினமும் அதைப் பயன்படுத்துவார்களா என்பது, ஆளுக்குப் பாதுகாப்பானதா என்பது ஆகியவை மற்ற அளவுகோல்கள்.

## கைப்பட்டையும் மேசை விரிப்பும்

செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. கைப்பட்டை சில நூறு ரூபாய்க்கும், இரண்டு அடுக்கு ரப்பர் விரிப்பு அளவைப் பொறுத்துச் சில ஆயிரத்துக்குள்ளும் கிடைக்கின்றன. பட்டையின் உட்புறம் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து புறப்படும் சுருள் ஒயர் 1 மெகா ஓம் மின்தடை வழியாக எர்த்துக்குப் போகும். அந்த மின்தடை ஆளின் உயிருக்குக் காவல்: தவறுதலாக 230 வோல்ட் ஃபேஸைத் தொட்டுவிட்டாலும் பட்டை வழியாகப் பாயும் மின்னோட்டம் 0.23 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அதே சமயம், மனித உடம்பின் மின்தேக்குத்திறன் சுமார் 100 பிக்கோஃபாரட் மட்டுமே என்பதால், சேர்ந்த மின்னூட்டம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வடிந்துவிடும். ஒயரைக் குறுக்கே வெட்டி, மின்தடையை நீக்கி நேரடியாக எர்த்தில் கட்டுவதை யாரும் செய்யக்கூடாது.

விரிப்புக்குப் பதிலாக எவர்சில்வர் தகடு போட்டு எர்த் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். மின்னூட்டம் பெற்ற போர்டை உலோகத் தகட்டின்மேல் வைத்தால், அந்த மின்னூட்டம் முழுவதும் ஒரே கணத்தில், தடையின்றி, மிகப் பெரிய மின்னோட்டமாக வெளியேறும். சில்லுக்கு உள்ளே சேதம் நேர்வது அப்போதுதான். விரிப்பின் மேலடுக்கு மின்சாரத்தை மெதுவாகக் கடத்துவதால் அந்த வேகம் தணிகிறது. வாங்கும்போது, மேற்பரப்பிலிருந்து எர்த் வரையிலான மின்தடை 100 கோடி ஓமுக்குக் குறைவு என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சால்டரிங் வேலை உள்ள மேசைக்கு ரப்பர் விரிப்பே ஏற்றது. வினைல் விரிப்பு சூட்டில் கருகும்.

மறைமுகச் செலவு எர்த்தில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது பின், அதாவது எர்த் பின், வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். அல்லது நியூட்ரலோடு இணைத்திருப்பார்கள். காங்கேயம், பல்லடம் பக்கத்துப் பாறை கலந்த மேட்டு நிலங்களில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழிகூடக் கோடையில் காய்ந்து, மின்தடை கூடிவிடும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்டுகிறதா என்று முதலில் மீட்டரில் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பாதி அளவே காட்டினால் மூன்றாவது பின் எங்கோ அறுந்திருக்கிறது. மீட்டரில் சரியாகக் காட்டினாலும் அது நியூட்ரலோடு சேர்த்த போலி எர்த்தாக இருக்கலாம் என்பதால், ஒரு தேர்ந்த எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் ஒயர் குழிவரை போகிறதா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. இதற்கான கூலியையும் விரிப்பின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டாவது செலவு தினசரிச் சோதனை. கைப்பட்டையின் ஒயர் பொதுவாக அறுவது நடுவில் அன்று. பட்டையில் மாட்டும் குமிழுக்குச் சற்றுக் கீழே, தினமும் மடங்கி மடங்கி நிமிரும் இடத்தில். மேலுறை முழுதாக இருக்கும். உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையைக் குமிழிலும் மறுமுனையை வாழைப்பழ பிளக்கிலும் வைத்து, ஒயரை அந்த இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். ஒரு மெகா ஓமில் எண் நிலையாக நின்றால் நல்லது. குதித்தாலோ திறந்த சுற்று என்று காட்டினாலோ அதை அப்போதே தூக்கிப் போட வேண்டும். பட்டையைச் சட்டைக் கைக்குமேல் மாட்டுவதும், வசதிக்காகத் தளர்த்திவிடுவதும் அதைப் பயனற்றதாக்கும். ஒயரே இல்லாத கைப்பட்டை என்று ஒன்று சந்தையில் விற்கிறது. மின்னூட்டம் போக வழியே இல்லாத அதை வாங்கவே வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மின் இணைப்பில் உள்ள போர்டைச் சோதிக்கும்போது கைப்பட்டை கையில் இருக்கக் கூடாது. போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே 325 வோல்ட் டிசி இருக்கும். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் டிரைவில் அது 580 வோல்ட்டைத் தாண்டும். கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே பட்டையை மாட்ட வேண்டும். எந்தக் காப்பும் ஆளின் உயிரைவிடப் பெரியதில்லை.

வாடிக்கையாளரின் தறிக் குடோனுக்கே போய்ப் போர்டு மாற்றுபவர்களுக்கும் இதே முறைதான் சிறந்தது. அங்கே நல்ல எர்த் இல்லாவிட்டாலும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கைப்பட்டை, மடித்து எடுத்துச்செல்லும் விரிப்பு, தறியின் வெற்று உலோகச் சட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்துவிட்டால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இருக்காது. வேறுபாடு இல்லாத இடத்தில் பாய்ச்சலும் இல்லை.

## காலணியும் தரையும்

மின்னூட்டத்தை வடிக்கும் தனிக் காலணியும் தரையும் சேர்ந்த இந்த முறை, நின்றும் நடந்தும் வேலை செய்யும் அசெம்பிளிக் கூடங்களுக்கு ஏற்றது. ஒவ்வொரு மேசையிலும் ஒயர் மாட்டிக் கழற்றும் தொல்லை இல்லை. நடப்பவர் உடம்பில் மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தரையும் காலணியும் இணைந்த அமைப்புதான் இங்கே தேவை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை.

நம் ஊரில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கடைக்குள் வருவது வழக்கம். வெறுங்கால் தரையில் படுகிறதே, அதுவே எர்த் ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானதுதான். பழைய சிமென்ட் தரையில் ஓரளவு ஈரம் இருக்கும்வரை உடம்பின் மின்னூட்டம் வடிய வாய்ப்பு உண்டு. ஆனால் இப்போது எங்கும் பதிக்கப்படும் வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸில் அதை நம்ப முடியாது. அளந்து பார்க்காத தரையைக் காப்பாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. உட்கார்ந்து வேலை செய்பவர் காலைத் தூக்கி நாற்காலியின் கம்பியில் வைத்துக்கொள்வார். அந்தக் கணமே தரைத் தொடர்பு அறுந்துவிடும். அதனால்தான் 1999-இல் முதலில் வெளியாகி உலகெங்கும் பின்பற்றப்படும் எஸ்20.20 என்ற நிலைமின் காப்புத் தரவிதியும், உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் கைப்பட்டையைக் கட்டாயமாக்குகிறது. பழுதுபார்க்கும் வேலை பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆகவே தரையை மாற்றினாலும் கைப்பட்டை வாங்கித்தான் ஆக வேண்டும்.

தரையின் பராமரிப்பும் எளிதில்லை. சாதாரண மெழுகுப் பாலிஷ் ஒரு முறை போட்டாலே மேலே மின்கடத்தாப் படலம் படிந்துவிடும். பஞ்சுத் தூசு காலணியின் அடியில் ஒட்டிக்கொண்டாலும் தொடர்பு குறையும். தனிக் காலணிக்குப் பதிலாகச் செருப்பின் குதிகாலில் மாட்டும் குதிகால் பட்டை வாங்குபவர்கள் ஒரு காலுக்கு மட்டும் வாங்கக் கூடாது.

## காற்றின் ஈரப்பதம்

மில்லில் வேலை பார்த்தவர்கள் ஈரத்தை நம்புவதற்குக் காரணம் உண்டு. நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடுவதே, நூல் அறுபடாமல் இருக்கவும் இழைகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்காமல் இருக்கவும்தான். தை, மாசி, பங்குனி மாதப் பிற்பகல்களில் கோவைப் பக்கம் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது உண்டு. அந்த நாட்களில் பாலியஸ்டர் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் வரும். ஏசி ஓடும் அறை இன்னும் வறண்டிருக்கும்.

ஈரம் எவ்வளவு உதவும் என்பதற்கு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-இல் வெளியிட்ட கையேட்டின் எண்கள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு உள்ள காற்றில் மேசையில் அமர்ந்து வேலை செய்பவர் உடம்பில் 6000 வோல்ட் வரை சேரலாம்; 65 முதல் 90 விழுக்காட்டில் அது 100 வோல்ட் அளவுக்குக் குறைகிறது. மேசையிலிருந்து ஒரு சாதாரண பாலித்தீன் பையை எடுக்கும்போது முறையே 20,000 வோல்ட்டும் 1200 வோல்ட்டும் உண்டாகலாம். ஈரம் மின்னூட்டத்தைப் பெருமளவு குறைக்கிறது என்பது உண்மை. நல்ல ஈரக் காற்றிலும் ஒரு பாலித்தீன் பை 1200 வோல்ட் உண்டாக்குகிறது என்பதும் அதே அளவு உண்மை. 100 வோல்ட்டில் கெடும் சில்லுக்கு அது போதாதா?

நூலுக்கு நல்லதெல்லாம் போர்டுக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதிக ஈரத்தில் ஐசி கால்கள் துரு ஏறும். சால்டரிங்குக்குப் பிறகு சரியாகக் கழுவப்படாத ஃபிளக்ஸ் எச்சம் ஈரத்தை உறிஞ்சிப் போர்டின் செம்புத் தடங்களுக்கு இடையே மின்கசிவை உண்டாக்கும். ஈரம் உறிஞ்சிய ஐசியை ஹாட் ஏர் கொண்டு சூடேற்றினால் உள்ளே நீராவி அழுத்தம் ஏறி அது வெடிப்பு விடும். மேசைக்கு நேராக ஏர்கூலரைத் திருப்பி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சில நூறு ரூபாயில் ஓர் ஈரப்பதமானி வாங்கி மாட்டி, 40-க்கும் 60-க்கும் இடையே இருந்தால் நிம்மதியாகவும் அதற்குக் கீழே போனால் கூடுதல் கவனத்துடனும் வேலை செய்வது போதும். இதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## அயனைசர்

மின்கடத்தாப் பொருளில் சேர்ந்த மின்னூட்டத்தைக் கைப்பட்டையாலோ விரிப்பாலோ வடிக்க முடியாது. அதற்கு எர்த் ஒயர் கட்டினாலும் பயனில்லை. அயனைசர் நேர், எதிர் அயனிகளைக் காற்றில் ஊதி அதைச் சமன்செய்கிறது. டிஸ்பிளேயின் பாதுகாப்புத் தாளை உரிப்பவர்கள், பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே போர்டைப் பொருத்துபவர்கள், எல்இடி சில்லு பொருத்துபவர்கள் ஆகியோருக்கு இது உண்மையிலேயே தேவை.

மற்றவர்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது: தேவையில்லாத பிளாஸ்டிக்கை மேசையிலிருந்து அகற்றுவது. தேநீர்க் கப், டேப் சுருள், பாலித்தீன் கவர், தெர்மாகோல் ஆகியவற்றைப் போர்டிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே ஆபத்தின் பெரும்பகுதி விலகும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அயனைசரின் விலை பல ஆயிரங்களில் தொடங்குகிறது. அதன் ஊசிமுனைகளில் தூசு படிந்தால் நேர், எதிர் அயனிகளின் சமநிலை தவறி, மின்னூட்டத்தை நீக்க வேண்டிய கருவியே மின்னூட்டத்தை ஏற்றத் தொடங்கும். அந்தச் சமநிலைப் பிழை 35 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டும். பனியன் கம்பெனிக்கோ தறிக் குடோனுக்கோ அடுத்த கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாக யோசிக்க வேண்டும். பஞ்சு அவ்வளவு சீக்கிரம் அந்த முனைகளில் ஏறிவிடும். ஆடிக் காற்றில் பறக்கும் மண்ணும் அப்படித்தான். செயலிழந்தது நமக்குத் தெரியவருமா என்ற என் இரண்டாவது அளவுகோலில் இது மிகவும் பின்தங்குகிறது.

## உறைகள்

இந்த வட்டாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத இடம் வழிப்பயணம். போர்டு மில்லிலிருந்து கடைக்கு வருவது பைக்கிலோ பஸ் பார்சலிலோ. தெர்மாகோல் பெட்டியைத் திறந்து போர்டை வெளியே எடுக்கும்போது, வெள்ளை மணிகள் ஐசி கால்களுக்கு இடையிலும் நம் விரல்களிலும் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழாமல் கை மாறி ஒட்டுகின்றன அல்லவா, வழிநெடுக உரசிச் சேர்ந்த மின்னூட்டம்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மேசையில் எவ்வளவு கவனமாக இருந்து என்ன, பழுது நீக்கிய போர்டை அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினால்?

உறைகளில் மூன்று வகை உண்டு. இளஞ்சிவப்பு பாலித்தீன் பை தானாக மின்னூட்டத்தை உண்டாக்காது; ஆனால் வெளியிலிருந்து வரும் பாய்ச்சலைத் தடுக்கவும் செய்யாது. அதில் கலந்துள்ள வேதிப்பொருள் மேற்பரப்பில் காற்றின் ஈரத்தை ஈர்த்து வேலை செய்வதால், வறண்ட காற்றில் பலன் குறையும். நாளடைவில் அந்தப் பொருளும் தீர்ந்துபோகும். திருகு, கேபிள், கையேடு போன்றவற்றை வைக்க அது போதும். வெள்ளி நிற ஷீல்டிங் பையில் மெல்லிய உலோகப் படலம் இருப்பதால் வெளிப் பாய்ச்சல் உள்ளே போகாது. போர்டை வைக்க இதுவே சரியானது. வாயை மடித்து மூட வேண்டும். கசங்கிச் சுருக்கம் விழுந்த, ஓட்டை விழுந்த பையைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பையின் மேலே போர்டை வைத்து வேலை செய்வதும் தவறு. காப்பு பையின் உள்ளேதான் இருக்கிறது. தனி ஐசிகளைக் குத்தி வைக்கக் கறுப்புக் கடத்து ஃபோம் நல்லது. ஆனால் பட்டன் செல் உள்ள போர்டை அந்த ஃபோமிலோ அலுமினியத் தாளிலோ சுற்றினால் செல் வடிந்து, நினைவகத்தில் உள்ள தறி அமைப்புகள் அழிந்துபோகலாம்.

ஒரு பையின் விலை சில ரூபாய் முதல் சில பத்து ரூபாய் வரைதான். இதன் உண்மையான செலவு, வாடிக்கையாளரைப் பழக்குவதில் இருக்கிறது.

| முறை | எதைத் தடுக்கும் | கெட்டால் தெரியுமா | பராமரிப்பு |
|---|---|---|---|
| கைப்பட்டை, விரிப்பு | உடம்பு. விரிப்பில் வைத்த போர்டு | மீட்டரில் உடனே தெரியும் | தினச் சோதனை, எர்த் |
| காலணி, தரை | நடப்பவர் உடம்பு மட்டும் | தனிக் கருவி வேண்டும் | அதிகம் |
| ஈரப்பதம் | எல்லாவற்றையும் குறைக்கும், எதையும் நிறுத்தாது | ஈரப்பதமானியில் தெரியும் | நடுத்தரம் |
| அயனைசர் | மின்கடத்தாப் பொருள் | கருவி இல்லாமல் தெரியாது | மிக அதிகம் |
| ஷீல்டிங் பை | வழிப்பயணம் | பார்வையில் ஓரளவு தெரியும் | மாற்றுச் செலவு |

## யாருக்கு எது

ஒன்றிரண்டு மேசை வைத்திருக்கும் பழுதுபார்ப்புக் கடைக்கு, சரிபார்த்த எர்த், கைப்பட்டை, ரப்பர் விரிப்பு, ஷீல்டிங் பை ஆகிய நான்கும் போதும் என்பது என் கருத்து. அடுத்து பணம் வந்தால், முனை எர்த் செய்யப்பட்ட மூன்று பின் சால்டரிங் ஸ்டேஷனில் போடுங்கள். இரண்டு பின் சால்டரிங் இரும்பின் மின்கசிவும் சில்லுகளைக் கெடுக்கக்கூடியது. பஞ்சு அடைத்த போர்டைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் அதுவும் உரசி மின்னூட்டம் ஏற்றும் என்பதால், போர்டு இருக்கும் உலோகப் பெட்டியை எர்த் செய்து, மெதுவாக, மின்னூட்டம் சேராத தூரிகையால் துடைத்தெடுப்பது மேல்.

பத்துப் பேருக்குமேல் நின்று வேலை செய்யும் அசெம்பிளிக் கூடம் நடத்துபவர்கள், பம்ப் கண்ட்ரோலரோ எல்இடி விளக்கோ தயாரிப்பவர்கள், தரையையும் காலணியையும் கட்டடம் கட்டும்போதே திட்டமிட்டுவிட வேண்டும்; பின்னால் உடைத்து மாற்றுவது இரட்டிப்புச் செலவு. பிளாஸ்டிக்கை அகற்றவே முடியாத மேசைகளுக்கு மட்டும் அயனைசர் வாங்கி, வாரந்தோறும் முனைகளைத் துடைக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

மில்லின் பராமரிப்புப் பிரிவுக்கு மேசைக் காப்பு இரண்டாம்பட்சம். உதிரி போர்டுகளை ஷீல்டிங் பையோடு இரும்பு அலமாரியில் வைப்பதும், தறியில் மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்திக் கைப்பட்டையைச் சட்டத்தில் இணைப்பதும், கழற்றிய பழைய போர்டையும் புதியது வந்த பையிலேயே போட்டுக் கடைக்கு அனுப்புவதும் அவர்களுக்குப் போதும். பழுதான போர்டுதானே என்று அதை வெறுங்கையில் தூக்கிக் கொடுத்தால், ஒரு ரிலே மட்டும் போயிருந்த போர்டில் நல்ல சில்லும் சேர்ந்து போய், இருநூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.